மறுமலர்ச்சிக் காலம் மனிதனைப் பற்றிய பார்வையை எப்படி மாற்றியது?

இத்தாலியில் எழுதப்பட்ட இரண்டு நூல்களை அருகருகே வைத்தாலே மாற்றம் பளிச்சென்று தெரியும். பின்னாளில் மூன்றாம் இன்னசென்ட் என்ற பெயரில் போப்பாண்டவரான லொதாரியோ, 1195 வாக்கில் மனித வாழ்வின் அவலத்தைப் பற்றி எழுதினார். மரம் பூவும் கனியும் தருகிறது, மனித உடலோ பேனையும் எச்சிலையும் மலத்தையும்தான் தருகிறது என்று புலம்பினார்.

ஐரோப்பாவின் மறுமலர்ச்சிக் காலத்தில், 1450களில், இத்தாலிய நகரமான ஃப்ளாரன்ஸைச் சேர்ந்த அறிஞர் ஜனோட்சோ மனெட்டி தன் நூலில் இதற்கு நேரடியாகவே பதில் சொன்னார். மனிதன் தரும் கனி அதுவல்ல, அவன் அறிவும் செயலும்தான் என்றார். அதற்குச் சான்றாக, கட்டடக் கலைஞர் புரூனெல்லெஸ்கி ஃப்ளாரன்ஸ் பேராலயத்தின் மேல் எழுப்பி 1436இல் முடித்த குவிமாடத்தையும் காட்டினார். உடம்பைப் பற்றிக் கூசவும் இல்லை. அதில் வலியைவிட இன்பமே அதிகம் என்று வாதாடினார்.

சரி, கடவுளை ஒதுக்கிவிட்டார்களா? இல்லை. மனெட்டி நல்ல பக்திமான். அப்புறம், இதெல்லாம் லத்தீன் படித்த சிறு கூட்டத்துக்குள் நடந்த விவாதம். வயலில் உழைத்தவர் காதுக்கு எட்டியிருக்காது.