கூண்டு மாற்றிய பிறகு கடித்துக்கொள்ளும் ஆண் சுண்டெலிகள்

உங்கள் ஆய்வகத்தில் கூண்டு மாற்றிய அன்றே ஆண் சுண்டெலிகள் சண்டை போடுகின்றன, முதுகிலும் வால் அடியிலும் காயம், ஆய்வு வழிகாட்டியோ “அது அப்படித்தான்” என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படியே விட்டுவிடாதீர்கள். வலியோடு இருக்கும் எலியிடம் எடுக்கும் அளவீட்டையும் நம்ப முடியாது.

முதலில் காயம்பட்டதைத் தனியே பிரித்து இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சண்டைக்குக் காரணம் பெரும்பாலும் வாசனைதான். கூண்டை மொத்தமாகக் கழுவியதும் பழகிய வாசனை போய், யார் பெரியவன் என்ற போட்டி மறுபடி தொடங்குகிறது. அதற்காகச் சிறுநீர் ஊறிய மரத்தூளைப் புதுக் கூண்டில் போடாதீர்கள், சண்டை கூடும். கூடு கட்டிய காகிதத்தில் காய்ந்த பகுதியை மட்டும் அப்படியே எடுத்துப் புதுக் கூண்டில் வையுங்கள்.

காகிதமே போடுவதில்லையா? சாயமில்லாத டிஷ்யூ போதும். பல்லால் நார் நாராகக் கிழித்து, நடுவே குழிவிட்டுக் கிண்ணம்போலக் கட்டி உள்ளே சுருண்டுகொள்ளும். நமக்கு இதமான 22 டிகிரி அதற்குக் குளிர். 30 டிகிரியை ஒட்டித்தான் அதற்குச் சுகம்.

அப்புறம், வேறு வேறு கூண்டுகளில் வளர்ந்த ஆண்களைப் பெரிதான பிறகு ஒன்றாகச் சேர்க்காதீர்கள். கூடப் பிறந்தவை சேர்ந்தே இருக்கட்டும். வாலைப் பிடித்துத் தூக்காமல் சிறு குழாய்க்குள் நுழையவிட்டு மாற்றினால் மிரட்சி குறையும்.

வழிகாட்டி அசையவில்லை என்றால் உங்கள் கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவுக்குக் காயங்களின் தேதிக் குறிப்போடு எழுதுங்கள். அதில் வெளியிலிருந்து நியமிக்கப்பட்ட உறுப்பினரும் இருப்பார்.