குவேக்கர் கடிதத்தில் ‘முதல் நாள்’ எது?

வணக்கம். 1778-ஆம் ஆண்டின் குவேக்கர் (போரை ஏற்காத ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) குடும்பக் கடிதத்தில் ‘நான்காம் மாதம், முதல் நாள்’ என்றிருப்பதை ஏப்ரல் 1 என மொழிபெயர்க்கலாமா என்றும், கணவரைக் காண விரும்பிய மனைவி ஏன் படைத்தளபதியிடம் சென்றார் என்றும் கேட்டிருந்தீர்கள்.

ஏப்ரல் 1 என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். பிற தெய்வங்களின் பெயர் கலந்த மாதங்களையும் கிழமைகளையும் தவிர்த்து எண்களாலேயே குறிப்பது அவர்கள் வழக்கம் என்பதால், மாதம் ஏப்ரல்தான் என்றாலும் ‘முதல் நாள்’ என்பது பெரும்பாலும் வாரத்தின் முதல் நாளான ஞாயிற்றுக்கிழமை. (அதுவரை ஆண்டு மார்ச்சில் தொடங்கியதால், 1752-க்கு முந்தைய கடிதமாயின் நான்காம் மாதம் ஜூன் ஆகிவிடும்.)

அடுத்தது என் மனத்தை மிகவும் தொட்ட செய்தி. அமெரிக்கப் புரட்சியின்போது பிரிட்டனிடமிருந்து பிரிந்து உருவான புதிய அரசுக்கு விசுவாச உறுதிமொழி தர மறுத்த பிலடெல்பியா குவேக்கர்கள் சிலர் 1777 செப்டம்பரில் விசாரணையின்றி வர்ஜீனியாவின் வின்செஸ்டருக்கு நாடு கடத்தப்பட்டனர். அவர்களில் இருவர் அங்கேயே இறந்தனர். பிலடெல்பியா பிரிட்டிஷ் படையிடமும் கணவர்கள் எதிர்த்தரப்பான அமெரிக்கரிடமும் இருந்ததால், எலிசபெத் டிரிங்கர் உள்ளிட்ட நான்கு பெண்கள், 1778 ஏப்ரல் 5, ஒரு ‘முதல் நாள்’ அன்று குதிரை வண்டியில் புறப்பட்டு, வேலி ஃபோர்ஜ் முகாமில் அமெரிக்கப் படைத்தளபதி வாஷிங்டனைச் சந்தித்தனர். அங்கே அளிக்கப்பட்ட விருந்து சிறப்பாக இருந்தது, ஆனால் விரைவில் முடிந்துவிட்டது என எலிசபெத் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். விடுதலை தம் கையில் இல்லை என்ற வாஷிங்டன், பென்சில்வேனியா அரசு அப்போது இயங்கிவந்த லான்காஸ்டர் செல்ல அனுமதிச்சீட்டு மட்டும் தந்தார்; அம்மாத இறுதியில் அவ்வூரிலேயே அவர்கள் தம் கணவர்களைக் கண்டனர்.