உத்தரவு போட்டால் யார் கேட்பது? தாய்லாந்துத் தெருப் போராட்டங்கள்: கேள்வி பதில்

தாய்லாந்தில் 2006 தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள், மஞ்சள் சட்டை, சிவப்புச் சட்டை, அப்புறம் மாணவர்கள் என்று ஆள் மாற்றி ஆள் தெருவில் உட்கார்ந்தார்கள். அந்தந்த அரசு என்ன செய்தது, ஏன் அப்படிச் செய்தது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

கல்லூரி மாணவி, திருச்சி: மஞ்சள் யார், சிவப்பு யார்? சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

தொலைத்தொடர்புத் தொழிலில் பெரும் பணக்காரரான தக்சின் சினவத்ரா 2001-இல் பிரதமரானார். 30 பாட் கொடுத்தால் அரசு மருத்துவமனையில் வைத்தியம், ஒவ்வொரு கிராமத்துக்கும் பத்து லட்சம் பாட் கடன் நிதி என்று திட்டங்கள் வந்தன. வடக்கும், ஈசான் என்கிற வடகிழக்கும் அவரைக் கொண்டாடின. பாங்காக் நடுத்தர வர்க்கமும் தெற்கு மாகாணங்களும் அவரைப் பணத்தை வைத்து ஓட்டு வாங்கும் ஆளாகத்தான் பார்த்தன. ராணுவத்துக்கும் அரண்மனை வட்டாரத்துக்கும் அவர் மேல் வேறு கோபங்கள். 2006 ஜனவரியில் அவர் குடும்பம் கம்பெனிப் பங்குகளைச் சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக்குக்கு 7,300 கோடி பாட்டுக்கு விற்றது, வரி கட்டவில்லை. அதற்குப் பிறகுதான் மஞ்சள் கூட்டம் பெருத்தது. மன்னர் பூமிபோல் திங்கட்கிழமை பிறந்தவர், அந்தக் கிழமைக்கு அங்கே மஞ்சள் நிறம். அந்த ஆண்டு செப்டம்பர் 19-இல் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. அதை எதிர்த்துத் திரண்டவர்கள் பின்னால் சிவப்புச் சட்டைக்காரர்கள் ஆனார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், சேலம்: 2008-இல் பிரதமர் அலுவலகத்தையே மூன்று மாதம் பிடித்து வைத்திருந்தார்களாமே. ஒரு அரசாங்கம் அதை எப்படிப் பொறுத்துக்கொண்டது?

பொறுத்துக்கொள்ளவில்லை சார், ஒன்றும் செய்ய முடியவில்லை. இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மற்ற எல்லாம் இதிலிருந்துதான் புரியும்.

ராணுவ ஆட்சிக்குப் பிறகு 2007 டிசம்பர் தேர்தலில் தக்சின் ஆட்களே ஜெயித்தார்கள். சமக் சுந்தரவெஜ் பிரதமர். 2008 ஆகஸ்ட் 26 அன்று மஞ்சள் சட்டையினர் பிரதமர் அலுவலகமான அரசு மாளிகைக்குள் புகுந்து கூடாரம் போட்டார்கள். செப்டம்பர் 2-ஆம் தேதி சமக் பாங்காக்கில் அவசரநிலையை அறிவித்தார். அந்த அதிகாரம் 2005-இல் தக்சின் அரசே தெற்கு எல்லை மாகாணங்களின் கிளர்ச்சிக்காகக் கொண்டுவந்த ஆணையில் இருந்தது. காகிதத்தில் ராணுவத்துக்கு எல்லா அதிகாரமும் கிடைத்துவிட்டது. ஆனால் தளபதி அனுபொங் பாவ்சிந்தா பலப்பிரயோகம் செய்ய மாட்டோம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அவசரநிலை அப்படியே பிசுபிசுத்துப் போனது.

அடுத்து வந்தவர் சொம்சாய் வொங்சவாட், தக்சினின் தங்கை கணவர். ராணுவம் வராது என்று தெரிந்ததால் அவர் கையில் மிஞ்சியது போலீஸ் மட்டும். அக்டோபர் 7 அன்று நாடாளுமன்றத்தைச் சுற்றி வளைத்தவர்களைக் கண்ணீர்ப்புகைக் குண்டு வீசிக் கலைத்தார்கள். இருவர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானவர்களுக்குக் காயம், சிலருக்குக் கை கால் போனது. துணைப் பிரதமர் சவலித் அன்றே ராஜினாமா. இறந்த பெண்ணின் இறுதிச் சடங்குக்கு அரசியே நேரில் வந்தார். இதைப் பார்த்த எந்த போலீஸ் அதிகாரி அடுத்த முறை கையை ஓங்குவார்? சில நாளில் தளபதி தொலைக்காட்சியில் தோன்றி, தான் பிரதமராக இருந்தால் பதவி விலகியிருப்பேன் என்றார்.

என் கணக்கு இதுதான்: தாய்லாந்தில் ஒரு அரசு போராட்டத்தை எப்படிச் சமாளித்தது என்பதைப் பிரதமரின் குணத்தை வைத்துச் சொல்ல முடியாது. அவர் போடும் உத்தரவை ராணுவமும் நீதிமன்றமும் கேட்டனவா என்று பார்க்க வேண்டும்.

ஐடி ஊழியர், பெங்களூரு: சமையல் நிகழ்ச்சி நடத்தியதால் பிரதமர் பதவி போனது உண்மையா, வாட்ஸப் கதையா?

உண்மைதான். மேலே சொன்ன சமக்தான் அவர். பிரதமரான பிறகும் டிவி சமையல் நிகழ்ச்சிக்குப் பணம் வாங்கினார் என்று 2008 செப்டம்பர் 9-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் நீக்கியது.

டிராவல்ஸ் நடத்துபவர், சென்னை: அந்த வருஷம் எங்கள் பார்ட்டி ஒன்று சுவர்ணபூமியில் மாட்டிக்கொண்டது. ஏர்போர்ட்டைப் பிடிக்கும்வரை அரசு தூங்கிக்கொண்டிருந்ததா?

அப்போது பிரதமர் நாட்டிலேயே இல்லை. பெரு நாட்டின் லிமாவில் ஆசிய-பசிபிக் நாடுகளின் ஏபெக் மாநாடு முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார் சொம்சாய். நவம்பர் 25 இரவு சுவர்ணபூமி விழுந்தது, பின்னாலேயே பாங்காக்கின் இன்னொரு விமான நிலையமான டான் முவாங். அவர் விமானம் சியாங் மாயில் இறங்க, அங்கிருந்தே ஆட்சி நடத்தினார். தலைநகரில் கால் வைக்க முடியாத பிரதமர்! தளபதியோ போராட்டக்காரர்களைக் கலையச் சொன்னார், பிரதமரை நாடாளுமன்றத்தைக் கலைக்கச் சொன்னார். இருவரும் கேட்கவில்லை. டிசம்பர் 2-இல் நீதிமன்றம் ஆளுங்கட்சியையே கலைத்தது. மறுநாள் விமான நிலையம் காலி. லட்சக்கணக்கான பயணிகள் தவித்த அந்த முற்றுகைக்காக மஞ்சள் தலைவர்கள் 52.2 கோடி பாட் இழப்பீடு கட்ட வேண்டும் என்று 2011-இல் தீர்ப்பு வந்தது. உங்கள் பார்ட்டிக்கு அதில் ஒரு பைசா வராது, அது விமான நிலைய நிறுவனத்துக்கு.

வழக்கறிஞர், மதுரை: 2010-இல் அபிசித் பேச்சுவார்த்தை நடத்தினார், தேர்தல் தேதியும் கொடுத்தார். பிறகும் ஏன் அவ்வளவு சாவு?

நல்ல கேள்வி. அபிசித்தை ரத்தவெறி பிடித்தவர் என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

2008 டிசம்பரில் கட்சி தாவியவர்கள் உதவியோடு, தேர்தல் இல்லாமல் நாடாளுமன்ற வாக்கெடுப்பில் பிரதமரானவர் அபிசித் வெச்சாசீவா. 2010 மார்ச்சில் ஈசானிலிருந்து வேன்களிலும் டிராக்டர்களிலும் சிவப்புச் சட்டையினர் வந்து இறங்கினார்கள். தங்கள் உடம்பிலிருந்து எடுத்த ரத்தத்தை அரசு மாளிகை வாசலில் கொட்டினார்கள். மார்ச் 28, 29 தேதிகளில் பிரதமரும் போராட்டத் தலைவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியது நேரடியாக ஒளிபரப்பானது. அவர்கள் இரண்டு வாரத்தில் நாடாளுமன்றத்தைக் கலைக்கச் சொன்னார்கள், இவர் வருஷக் கடைசியில் என்றார். உடைந்தது.

ஏப்ரல் 3-இல் ராட்சபிரசோங் சந்திப்பைப் பிடித்தார்கள். பாங்காக் போன நம்மவர்களுக்கு இடம் தெரியும், எரவான் பிரம்மா இருக்கும் அந்த மால்கள் சூழ்ந்த சந்திப்புதான். 7-ஆம் தேதி அவசரநிலை. சமக் நீட்டிய அதே ஆணை, அதே தளபதி அனுபொங், இந்த முறை ராணுவம் நகர்ந்தது. ஏப்ரல் 10 இரவு ஜனநாயக நினைவுச்சின்னம் பக்கம் நடந்த மோதலில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரு கர்னலும் ஜப்பானிய ஒளிப்பதிவாளர் ஒருவரும் அதில் அடக்கம். கூட்டத்துக்குள் ஆயுதத்தோடு கறுப்புடை ஆட்கள் இருந்தார்கள் என்பதும் அன்றுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

மே 3-இல் அபிசித் ஐந்து அம்சத் திட்டம் தந்தார், நவம்பர் 14-இல் தேர்தல். சிவப்புத் தலைவர்கள் கொள்கை அளவில் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் ஏப்ரல் 10 சாவுகளுக்குத் துணைப் பிரதமர் சுதேப் தாக்சுபன் போலீஸில் சரணடைய வேண்டும், அப்போதுதான் எழுந்திருப்போம் என்றார்கள். உள்ளுக்குள்ளேயே அவர்கள் இரண்டுபட்டிருந்தார்கள். அந்த வாய்ப்பை விட்டது அவர்கள் செய்த பெரிய தவறு என்றுதான் நினைக்கிறேன். அபிசித் திட்டத்தைத் திரும்பப் பெற்றார். மே 13-இல் சிவப்பு அணியின் ராணுவ முகமான கத்தியா என்கிற சே டாங், நிருபர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோது தலையில் சுடப்பட்டார். மே 19-இல் கவச வண்டிகள் தடுப்பரண்களை உடைத்தன. தலைவர்கள் சரணடைந்தார்கள், சென்ட்ரல் வேர்ல்டு மால் எரிந்தது, ஈசானில் மாகாண அலுவலகங்கள் எரிந்தன. ஒன்பது வாரத்தில் தொண்ணூறு பேருக்கு மேல் செத்தார்கள்.

அபிசித்துக்குக்கூட முழு விசுவாசம் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே பச்சை, உள்ளே சிவப்பு என்பதால் சில சிப்பாய்களைத் 'தர்பூசணி' என்று அந்த ஊரில் கேலி செய்தார்கள். போலீஸ்காரர்களுக்குத் 'தக்காளி', உள்ளும் வெளியும் சிவப்பு.

கொழும்பிலிருந்து ஒருவர்: செத்தவர்களுக்கு நீதி கிடைத்ததா?

பணம் கிடைத்தது. 2012-இல் தக்சினின் தங்கை யிங்லக் தலைமையிலான அரசு ஒரு உயிருக்கு 77.5 லட்சம் பாட் வரை இழப்பீடு அறிவித்தது. நீதி என்றால், பதும் வனாரம் கோயிலுக்குள் தஞ்சம் புகுந்திருந்த ஆறு பேர் ராணுவத்தின் குண்டுகளால் இறந்தார்கள் என்று 2013-இல் நீதிமன்ற விசாரணையில் முடிவானது. அபிசித் மீதும் சுதேப் மீதும் போட்ட கொலை வழக்கைக் குற்றவியல் நீதிமன்றம் 2014-இல் தள்ளியது, 2017-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. சுட்டதற்காக எந்த ராணுவ அதிகாரியும் சிறைக்குப் போகவில்லை.

வங்கி ஊழியர், கோவை: உங்கள் பதில்களில் சிவப்புச் சாயம் தெரிகிறதே?

தெரிந்தால் அழித்துவிடலாம். 2009 ஏப்ரலில் பட்டாயாவில் ஆசியான் உச்சிமாநாட்டுக்குள் புகுந்து, வெளிநாட்டுத் தலைவர்களை ஹெலிகாப்டரில் ஏற்றி அனுப்பும் நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் சிவப்புச் சட்டையினர். 2010 ஏப்ரல் 22 அன்று, நம் மாரியம்மன் கோயில் இருக்கும் அதே சீலோம் சாலையின் சாலா டாங் முனையில் கையெறி குண்டுகள் விழுந்து ஓர் உயிர் போனது. உண்மை அறியும் ஆணையத்தின் 2012 அறிக்கை இரு தரப்பையும்தான் குற்றம் சொன்னது. மக்கள் நடுவில் போர் ஆயுதம் எடுத்ததற்கு ராணுவத்தையும், கறுப்புடை ஆட்களுக்கு இடம் கொடுத்ததற்குச் சிவப்பு அணியையும். நான் சொல்வது வேறு. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் ஒரே சட்டம் இரண்டு விதமாக வேலை செய்தது.

இல்லத்தரசி, தஞ்சாவூர்: யிங்லக் ரொம்ப மென்மையாகத்தானே நடந்துகொண்டார்? தேர்தலும் வைத்தார். அவரை ஏன் விரட்டினார்கள்?

மென்மையாக நடந்தால் தப்பிக்கலாம் என்று 2010-ஐப் பார்த்துக் கற்றுக்கொண்டவர் அவர். ஆனால் தொடக்கத் தவறு அவர் கட்சியுடையது. 2013 நவம்பர் 1-ஆம் தேதி விடியற்காலை நாலு மணிக்கு ஒரு பொதுமன்னிப்பு மசோதாவைக் கீழவையில் நிறைவேற்றினார்கள். அண்ணன் தக்சின் ஊர் திரும்ப வழி, கூடவே 2010-இல் சுட உத்தரவிட்டவர்களுக்கும் மன்னிப்பு. இரண்டு தரப்பும் கொதித்தது. மேலவை அதை நிராகரித்த பிறகும் சுதேப் தலைமையில் கூட்டம் கலையவில்லை.

டிசம்பர் 3 அன்று, மன்னர் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு, போலீஸே தடுப்புகளை எடுத்துவிட்டுப் போராட்டக்காரர்களை உள்ளே வரச் சொன்னது. ரோஜாப்பூ கைமாறியது. முற்றுகையிட்டவனுக்குக் கதவைத் திறந்தால் பிடிக்க ஒன்றும் இருக்காது. அபார யோசனை, ஒரு வாரம் மூச்சுவிட்டார்கள். 9-ஆம் தேதி நாடாளுமன்றத்தைக் கலைத்தார்.

இங்கேதான் விஷயம். தேர்தலில் ஜெயிப்போம் என்று நம்புகிற எதிர்க்கட்சிக்குத்தான் தேர்தல் ஒரு சலுகை. அபிசித்தின் ஜனநாயகக் கட்சி 1992-க்குப் பிறகு ஒரு பொதுத்தேர்தலிலும் முதலிடம் வரவில்லை. அவர்கள் புறக்கணித்தார்கள், சுதேப் தேர்தலே இல்லாத ஒரு 'மக்கள் மன்றம்' கேட்டார். 2014 பிப்ரவரி 2-இல் 28 தொகுதிகளில் வேட்பாளரே இல்லை. ஒரே நாளில் நாடு முழுக்க வாக்குப்பதிவு நடக்கவில்லை என்று மார்ச்சில் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. நடக்கவிடாமல் தடுத்தவர்களுக்கே லாபம்.

ஜனவரியில் யிங்லக்கும் அதே அவசரநிலை ஆணையை எடுத்தார். போராட்டம் அமைதியானது, பலம் பயன்படுத்தக் கூடாது என்று சிவில் நீதிமன்றம் பிப்ரவரி 19-இல் கட்டிப்போட்டது. 2010-இல் இதே ஆணையை வைத்துக் கவச வண்டியே ஓடியது. நெல் கொள்முதலுக்கு டன்னுக்கு 15,000 பாட் தருவதாகச் சொன்ன பணமும் வராமல் விவசாயிகள் கைவிட்டார்கள். மே 7-இல் ஒரு அதிகாரியை இடமாற்றம் செய்த பழைய விவகாரத்தில் பதவி போனது. மே 22-இல் சமரசப் பேச்சு என்று இரு தரப்பையும் ராணுவ மண்டபத்துக்குக் கூப்பிட்ட தளபதி பிரயுத் சான்-ஓ-சா, அங்கேயே ஆட்சியை எடுத்துக்கொண்டார்.

கோலாலம்பூர் வாசகர்: மன்னர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்காதா?

1992 மே மாதம் அப்படி நடந்தது. பிரதமர் சுசிந்தாவும் போராட்டத் தலைவர் சம்லோங்கும் மன்னர் முன் மண்டியிட்ட காட்சியை நாடே டிவியில் பார்த்தது. ஆனால் 2009 செப்டம்பரில் சிரிராஜ் மருத்துவமனையில் சேர்ந்தவர், பல ஆண்டுகள் அங்கேயே இருந்தார். அதோடு ஒரு தரப்பு அவர் நிறத்தையே உடுத்திக்கொண்ட பிறகு நடுவராக இருப்பது சிரமம்.

ஆராய்ச்சி மாணவர், புதுச்சேரி: 2020 மாணவர் போராட்டத்தில் ஏன் துப்பாக்கிச் சூடு நடக்கவில்லை?

தேவைப்படவில்லை. பிரயுத்துக்கு ராணுவமும் நீதிமன்றமும் கைக்குள். அக்டோபர் 15-இல் தீவிர அவசரநிலை, மறுநாள் மாணவர்கள் மேல் ரசாயனம் கலந்த தண்ணீரைப் பீய்ச்சினார்கள். கூட்டம் இன்னும் பெருகியதும் 22-ஆம் தேதி திரும்பப் பெற்றார். சாலையில் கண்டெய்னர்களை அடுக்கினார்கள். உண்மையான அடி நவம்பரில் விழுந்தது: சில ஆண்டுகளாகத் தூங்கவிட்டிருந்த 112-ஆம் பிரிவு, அரச அவமதிப்புச் சட்டம், ஒரு குற்றச்சாட்டுக்கு 3 முதல் 15 ஆண்டு. இருநூறு பேருக்கு மேல் வழக்கு. ஜாமீன், ரத்து, மறுபடி கைது என்று மாணவர் தலைவர்கள் நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் அலைந்தே ஓய்ந்தார்கள். போராட்டத் தலைவர்களில் ஒருவரான வழக்கறிஞர் ஆனொன் நம்பா 2023 செப்டம்பரில் உள்ளே போனார், தண்டனை மேல் தண்டனை சேர்ந்தது. பிணம் விழாததால் உலகச் செய்தியும் இல்லை.

பெயர் வேண்டாம் என்றவர்: சுதேப் என்ன ஆனார்?

ஆட்சி கவிழ்ந்த சில வாரங்களில், 2014 ஜூலையில் மொட்டையடித்துத் துறவியானார், பிறகு காவியைக் கழற்றி அரசியலுக்கே திரும்பினார். 2021 பிப்ரவரியில் அந்தப் போராட்டத்துக்காக ஐந்து ஆண்டு சிறைத் தண்டனை விழுந்தது. சில நாளிலேயே ஜாமீனில் வெளியே வந்துவிட்டார்.