ஆமிஷ் நாவல்: ஓடிப்போகிற பெண்ணை விலக்கி வைப்பார்களா?

உங்கள் நாவலில் 17 வயது ஆமிஷ் பெண் (அமெரிக்காவில் பழைய முறையில் எளிமையாக வாழும் கிறிஸ்தவப் பிரிவு) பென்சில்வேனியாவில் அவர்கள் வாழும் லான்காஸ்டரை விட்டு ஓடிப்போகிறாள், சபை அவளை விலக்கி வைக்கிறது, இது நம்பும்படி இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லைங்க. ஆமிஷ்காரர்களிடம் விலக்கி வைப்பதெல்லாம் ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்குத்தான், அதையும் குழந்தையில் கொடுப்பதில்லை, வளர்ந்து தானாக முடிவெடுத்த பிறகுதான். அதற்கு முன்னால் கிளம்பினால் அம்மா அழுவார், அப்பா முகம் கொடுத்துப் பேசமாட்டார், ஆனால் சபை தண்டிக்காது. கதைக்கு விலக்கு கட்டாயம் வேண்டும் என்றால் வயதை 20 ஆக்கி, ஞானஸ்நானம் முடிந்தபிறகு ஓடவிடுங்கள். அப்போது திரும்பி வந்தாலும் பல வீடுகளில் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது, காட்சியே வேறு மாதிரி கனக்கும்.

அப்புறம் அந்த ஹைஸ்கூல் அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள். அவர்களுக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி, 1972-ல் யோடர் என்ற ஆமிஷ்காரரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அதை ஏற்றுக்கொண்டது. குதிரை வண்டியும் லான்காஸ்டரில் சாம்பல் நிறம், கறுப்பு ஒஹாயோ பக்கம்.

டிவி ரியாலிட்டி ஷோக்களை நம்பி எழுதாதீர்கள். ஒஹாயோவிலிருந்து 1890 முதல் வரும் 'தி பட்ஜெட்' வாரப் பத்திரிகையில் ஊர் ஊராக ஆமிஷ்காரர்களே எழுதும் கடிதங்கள் இருக்கும், அவற்றைத் தேடிப் படியுங்கள்.