கள்ளா, சாராயமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி (ஒட்டுசுட்டான் வாசகர்): காட்டுப்பன்றிக் கறிக்குச் சாராயம்தான் சேரும் என்று மச்சான் அடித்துச் சொல்கிறார். நான் கள்ளு என்கிறேன். யார் சொல்வது சரி?

பதில்: நீங்கள்தான். எங்கட பக்கத்தில் பன்றியை வறுத்த தூளும் மிளகும் போட்டு, தண்ணி வற்ற வற்றப் பிரட்டித்தானே இறக்குகிறோம். அந்த உறைப்பு வாயில் நிற்கும்போது சாராயத்தையும் ஊற்றினால் இரண்டும் சேர்ந்து எரிக்குமே தவிர, இறைச்சியின் ருசி எங்கே போனது என்றே தெரியாது. குடிப்பதன் வீரியம் கூடினால் உறைப்பும் கூடித்தான் தெரியும். கள்ளின் புளிப்பும் நுரையும், தேசிக்காய் பிழிந்து சாப்பிடுவது போல, கொழுப்பு ஒட்டிய வாயைக் கழுவிவிடும். ஆனால் எந்த நேரத்துக் கள்ளு என்பதையும் பாருங்கள். காட்டுப்பன்றியில் கொழுப்புக் குறைவு, அதற்குக் காலையில் இறக்கிய, இனிப்பு இன்னும் போகாத கள்ளு போதும். வளர்ப்புப் பன்றியின் கொழுத்த துண்டு என்றால் பின்னேரம் வரை புளித்தது வேண்டும். கள்ளு கிடைக்காத நாளில் குளிர்ந்த பியர். மச்சான் விடமாட்டார் என்றால் சாராயத்தில் சோடாவும் தேசிக்காயும் தாராளமாகக் கலந்து, சாப்பாட்டுக்கு முதலே கொடுத்து முடித்துவிடுங்கள். குடிக்காதவர்களுக்குச் சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கிய கருப்பநீர் (புளிக்காத பதநீர்), அதையும் பனையோலைப் பிளாவில் வார்த்துக் கொடுங்கள், ஓலை வாசத்துக்காகவே.

கேள்வி (வவுனியா வாசகி): முஸ்லிம் நண்பி குடும்பத்தோடு விருந்துக்கு வருகிறார். பிரான்சில் இருந்து மாமி அனுப்பிய இனிப்பு, டின் சாமான்களில் பன்றி இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். பிரெஞ்சில் 'போர்' (porc), ஜேர்மனில் 'ஷ்வைன்' (Schwein) என்று இருந்தால் பன்றிதான், பிரெஞ்சில் 'சாண்டூ' (saindoux) என்றால் பன்றிக் கொழுப்பு. ஹாம், பேக்கன், சலாமி எல்லாம் பெரும்பாலும் பன்றி என்றாலும் மாட்டிலும் வான்கோழியிலும் செய்கிறார்கள், பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்க ஏலாது. ஏமாறுகிற இடம் இனிப்புத்தான். மாஷ்மலோவிலும் இழுபடும் ஜெலி மிட்டாயிலும் ஜெலட்டின் இருக்கும். அது பன்றியா, மாடா, மீனா என்று எழுதியிருக்காவிட்டால் மேசையில் வைக்க வேண்டாம். பெக்டின் என்றால் பயமில்லை, அது பழத்தில் இருந்து எடுப்பது. சேர்மானப் பட்டியலில் 471 (E471) என்ற இலக்கத்தில் வரும் பொருள் தாவர எண்ணெயில் செய்ததாகவும் இருக்கலாம், மிருகக் கொழுப்பில் செய்ததாகவும் இருக்கலாம். தோலோடு இருக்கும் இறைச்சி என்றால் மயிர்த் துவாரங்கள் மூன்று மூன்றாகக் கூடி நிற்கிறதா என்று பாருங்கள், பன்றித் தோலின் அடையாளம் அது. தோலில்லாமல் கறுப்பாகப் பிரட்டிய கறியை யாராலும் கண்ணால் பிரித்தறிய முடியாது, சமைத்தவரைத்தான் கேட்க வேண்டும். அப்புறம், பன்றி சமைத்த சட்டியில் அவர்களுக்குச் சமைக்காதீர்கள். கோழியை ஹலால் கடையில் வாங்கி, வாங்கிய கடையையும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி (மாங்குளம் வாசகர்): இறைச்சி அரைவேக்காடாக இருந்தாலும் சாராயம் குடித்தால் பூச்சி செத்துவிடும் என்கிறார்களே?

பதில்: சாகாது. காட்டுப்பன்றியின் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத புழுக்கள் இருக்கலாம், சாராயத்தை நம்பாமல் அடுப்பை நம்புங்கள். வெயிலில் காயவைப்பதும் புகை போடுவதும் கூடப் போதாது. துண்டின் நடுப்பகுதி 71 பாகை செல்சியஸ் வரை சூடேற வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் பெரிய துண்டொன்றை எடுத்து நடுவில் வெட்டிப் பாருங்கள், சிவப்பு நீர் வந்தால் சட்டி திரும்ப அடுப்புக்கு.