அரை வரியில் வந்த அப்பா

கேள்வி: தக்கலையில் நாங்கள் ஐந்து பேர் ஞாயிறுதோறும் சாயங்காலம் கூடி 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' விளையாடுகிறோம். ஆளுக்கொரு கற்பனை ஆளை, அதாவது கேரக்டரை, உருவாக்கிக் கதையாக ஆடும் விளையாட்டு இது. மூன்று வருடமாகக் கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் நான்தான். பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டுக்காரனான ஒருவன் இப்போதெல்லாம் ஒரு மணி நேரம் பிந்தி வருகிறான். போனையே பார்க்கிறான், நான் எது சொன்னாலும் சண்டை பிடிக்கிறான், எட்டு மணிக்கு எழுந்து போய்விடுகிறான். அவன் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரம் அவன் வரவில்லை. அன்றைக்கு அவன் கேரக்டர் செத்துப்போனது. அதிலிருந்துதான் இப்படி. மற்றவர்கள் அவனை நீக்கச் சொல்கிறார்கள். நீக்கலாமா?

பதில்: தம்பி, நீங்கள் எழுதியது இரண்டு பக்கம். அதில் அவன் அப்பாவுக்கு அரை வரி. என்ன நோய் என்றுகூட இல்லை. உங்களுக்குத் தெரியுமா?

'செத்துப்போனது' என்கிறீர்கள். தானாகவா செத்தது? என் அக்கா மகனும் இதை விளையாடுகிறவன், அவனிடம் கேட்டேன். 1974-இல் வந்த விளையாட்டாம். அரக்கன் யார்மேல் பாய்வான் என்று முடிவு செய்வது டன்ஜன் மாஸ்டர். ஆள் வராத வாரம் அவனுடைய கேரக்டரைச் சத்திரத்தில் தூங்கவிட்டு மற்றவர்கள் போவது சாதாரண வழக்கம் என்றான். அப்படியானால் கொன்றது நீங்கள். இருபது முகப் பகடைமேல் பழி போடாதீர்கள், அவனுக்குப் பதிலாக அதை உருட்டிய கை யாருடையது? மூன்று வருடம் பெயரும் குணமும் காயமுமாக அவன் வளர்த்த ஆள் அது. செத்த சேதியை அவனுக்கு எப்படிச் சொன்னீர்கள்? வாட்ஸ்அப்பிலா, அவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும்போதா?

என் அப்பா ஒன்றரை வருடம் படுக்கையில் கிடந்தார். எட்டு மணி என்றால் கஞ்சியும் மாத்திரையும் கொடுத்து, முதுகில் புண் வராமல் திருப்பிப் படுக்கவைக்கிற நேரம். வெளியே போனால் அம்மா கூப்பிடுவாளோ என்று கண் போனிலேயே இருக்கும். உங்கள் கூட்டுக்காரனுக்கும் அதேதான் என்று நான் சத்தியம் செய்யவில்லை. கேட்டால் தெரிந்திருக்கும். நீங்கள் கேட்கவில்லை.

பெற்றவரைப் பார்ப்பது மகன் கடமை, இதில் எனக்கு மறுபேச்சு கிடையாது. அந்த மகனைப் பார்ப்பது கூட்டுக்காரர்கள் கடமை. நம் ஊரில் ஒரு வீட்டில் ஆள் கிடப்பிலானால் அண்டை வீட்டார் கூப்பிடாமலே வந்து நிற்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளையா ஒருவனை நீக்கலாமா என்று எனக்கு எழுதுகிறது?

இந்த ஞாயிறு விளையாட்டு வேண்டாம். ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிக்கொண்டு நாலு பேரும் அவன் வீட்டுக்குப் போங்கள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். அப்புறம் ஒருநாள் தனியாக அவனிடம், "உன்னைக் கேட்காமல் செய்தது தப்பு" என்று சொல்லுங்கள். 'ஆனால்' என்று அடுத்த வாக்கியத்தைத் தொடங்க வேண்டாம்.

செத்தவரை எழுப்ப உங்கள் விளையாட்டிலேயே மந்திரம் இருக்கிறதாம். விதிப்புத்தகத்தின் ஐந்தாம் பதிப்பில் அதற்கு 500 பொற்காசு பெறும் வைரம் வேண்டும், கூடவே செத்தவரின் ஆன்மாவும் திரும்பிவரச் சம்மதிக்க வேண்டும். ஆகவே எழுப்பட்டுமா என்று அவனிடம் கேளுங்கள். புது கேரக்டர்தான் வேண்டும் என்றால், சரி, அதைக் கொடுங்கள்.

அவன் அம்மாவுக்குச் சம்மதம் என்றால் கொஞ்ச நாள் அவன் வீட்டிலேயே விளையாடுங்கள். எட்டு மணிக்கு அவன் எழுந்தால் நீங்களும் எழுந்துபோய், அப்பாவைத் திருப்பிப் படுக்கவைக்க ஒரு கை பிடியுங்கள்.