தோப்பிலேயே மரம் அறுக்கும் சிறு இயந்திரம் வாங்கலாமா?

கேள்வி: தேவகோட்டைக்கு அருகில் உள்ள எங்கள் பூர்விகத் தோப்பில் வாகை, வேம்பு, புளி ஆகியவை நன்றாக முற்றி நிற்கின்றன. சில மரங்கள் காற்றில் சாய்ந்தும் கிடக்கின்றன. லாரியில் ஏற்றி அறுவை மில்லுக்கு அனுப்பினால் ஏற்றுகூலி, இறக்குகூலி, வாடகை ஆகியவற்றிலேயே பாதி போய்விடுகிறது. டிரெய்லரில் இழுத்துச் செல்லும் சிறிய பேண்ட் ரம்ப இயந்திரம் ஒன்றை வாங்கி, எங்கள் மரத்தை அறுத்துக்கொண்டு, சுற்றுவட்டாரத்திலும் கூலிக்கு அறுத்துக் கொடுக்க நினைக்கிறேன். இது கட்டுபடியாகுமா?

பதில்: கட்டுபடியாகும். ஆனால் இதில் லாபமும் நட்டமும் பெரும்பாலும் பிளேடைப் பேணுவதிலும், எந்தத் தடியை மேடையில் ஏற்றுவது, எதை ஏற்றாமல் விடுவது என்ற தேர்விலும்தான் இருக்கின்றன. இயந்திரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் உரிமத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முன்பணம் கொடுத்துவிட்டு வன அலுவலக வாசலில் நிற்கும் நிலை உங்களுக்கு வரக் கூடாது.

காடுகளைக் காப்பது பற்றிய கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12-ஆம் தேதியும் அதன் பிறகும் பிறப்பித்த ஆணைகளால், மர அறுவைத் தொழில் நாடு முழுவதும் உரிமக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. தமிழ்நாட்டில் மரம் சார்ந்த தொழிற்சாலைகளை ஒழுங்குபடுத்தும் 2010-ஆம் ஆண்டு விதிகளும், மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளும் இருக்கின்றன. சக்கரம் வைத்த இயந்திரத்துக்கு உரிமம் தேவையில்லை என்று விற்பவர் சொல்லக்கூடும். அந்தச் சொல்லை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். உங்கள் மாவட்ட வன அலுவலருக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, இயந்திரத்தின் அளவு, குதிரைத் திறன், சொந்த மரமா கூலி வேலையா என்ற விவரங்களைத் தந்து, எழுத்து மூலமாகவே பதில் பெறுங்கள். சந்தனமும் செம்மரமும் உங்கள் பட்டா நிலத்திலேயே நின்றாலும் அவற்றுக்குத் தனி விதிகள் உண்டு. கண்மாய்க் கரையிலும் சாலையோரத்திலும் கோயில் நிலத்திலும் நிற்கும் மரங்களை, முறையான ஆணையைக் கண்ணால் பார்க்காமல் தொடவே கூடாது. கூலிக்கு அறுப்பவர் மரத்தின் உடைமையைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது முதல் நாளிலிருந்தே பழக்கமாக வேண்டும்.

இனி இயந்திரம். சிறு இயந்திரங்களில் பொதுவாக ஒன்றேகால் அங்குல அகலமுள்ள மெல்லிய பிளேடு ஓடுகிறது; அது மரத்தில் தின்னும் இடைவெளி சுமார் 2 மில்லிமீட்டர்தான். பெரிய வட்ட ரம்பம் 6 மில்லிமீட்டர் அளவுக்குத் தின்றுவிடும். 12 அங்குலச் சதுரமாக்கிய ஒரு கட்டையிலிருந்து முழு ஓரங்குலப் பலகை எடுத்தால், வட்ட ரம்பத்தில் 9 பலகைதான் கிடைக்கும், மெல்லிய பிளேடில் 11 கிடைக்கும். தூளாகப் போகவிருந்த அந்த இரண்டு பலகைகள்தாம் உங்கள் இயந்திரத்தின் வருமானம். தடியின் கன அடியை நம் மரக்கடைகளில் சுற்றளவின் நாலில் ஒரு பங்கைக் கொண்டு கணக்கிடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்: 48 அங்குலச் சுற்றளவும் 8 அடி நீளமும் உள்ள தடி என்றால், 12-ஐ 12-ஆல் பெருக்கி, 8-ஆல் பெருக்கி, 144-ஆல் வகுக்க, 8 கன அடி. உண்மையான கன அளவு பத்துக்குச் சற்று மேல். அறுப்பில் போகும் சேதத்தை இந்தக் கணக்கு முன்கூட்டியே ஓரளவு கழித்துவிடுகிறது. ஆகவே நேரான தடியில் கவனமாக அறுத்தால் கணக்கிட்ட கன அடிக்கு நெருக்கமாகவே மரம் தேறும், கோணல் தடியில் தேறாது. தோப்பில் மரம் வாங்கும்போது இதை மனத்தில் வைத்து விலை பேசுங்கள்.

இயந்திரத்தை நிறுத்தும் இடத்துக்கு அரை நாள் ஒதுக்கத் தயங்காதீர்கள். ரம்பம் ஓடிச் செல்லும் தண்டவாளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் பிடித்துப் பார்த்து, நடுவில் தொய்வு தெரிந்தால் அடியில் ஆப்பு வைத்துச் சமன் செய்ய வேண்டும். கண்மாய்ப் படுகையின் மண் மழைக்குப் பிறகு இறங்கிவிடும், ஆகவே மறுநாளும் நூல் பிடியுங்கள். தண்டவாளம் வளைந்தால் பலகையும் அதே வளைவோடு வெளிவரும். அதைப் பார்த்துவிட்டுப் பலரும் பிளேடைக் குறை சொல்கிறார்கள்.

பிளேடைக் கூர் போடும் கருவியையும் பல்லுக்குச் செட் வைக்கும், அதாவது பற்களை இரு பக்கமும் மாறி மாறிச் சற்றே வளைக்கும் கருவியையும் இயந்திரத்தோடு சேர்த்தே வாங்குங்கள். சுத்தமான மரத்திலேயே ஒன்றிரண்டு மணி நேரத்தில் பிளேடை மாற்ற வேண்டி வரும், ஆகவே பத்துப் பிளேடாவது சுழற்சியில் இருக்க வேண்டும். புளி, வேம்பு, காய்ந்த தேக்கு போன்ற வைரம் பாய்ந்த மரங்களுக்குப் பல்லின் சாய்வு 4 டிகிரி உள்ள பிளேடு பொருந்தும். பச்சையான மென்மரத்துக்கு 10 டிகிரி. கூர் போய்விட்டதா என்பதை மரத்தூளே காட்டிவிடும். உருட்டிப் பார்த்தால் நறநறவென்று இருக்கும் தூள், மாவு போல நைந்து சூடாக விழத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். இன்னும் ஒரு பலகைதானே என்று தள்ளினால் பிளேடு அலைபாயும், பலகையின் முகத்தில் மேடும் பள்ளமுமாக அலை தெரியும். பிளேடின் மேல் நீர் சொட்டிக்கொண்டே இருக்கட்டும், அதில் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்தால் பிசின் ஒட்டாது. மாலையில் வேலை முடிந்ததும் பிளேடின் இறுக்கத்தைத் தளர்த்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் இயந்திரம் வைத்திருக்கிறீர்கள் என்று தெரிந்ததும், தோப்பு மரத்துக்கு முன்னால் இடிக்கப்பட்ட வீடுகளின் பர்மாத் தேக்கு உத்திரங்கள்தாம் உங்களைத் தேடி வரும். நன்றாகக் காய்ந்த, நெருக்கமான ரேகை கொண்ட அந்த மரத்தை அறுக்கும்போது எழும் வாசனையே தனி. ஆனால் ஆணி நிறைந்த மரம் அது. ஒருமுறை ஓர் உத்திரத்தை மெட்டல் டிடெக்டரால் தடவி, கிடைத்த ஆணிகளையெல்லாம் பிடுங்கிவிட்டுத்தான் மேடையில் ஏற்றினேன். நாலாவது அறுப்பில் ஒரு கீச்சொலி கேட்டது, பிளேடின் பற்கள் வரிசையாகப் போயின. புரட்டிப் பார்த்தால், தலை ஒடிந்து உள்ளே புதைந்த சதுர ஆணி ஒன்று. அதைச் சுற்றி மரம் ஒரு சாண் நீளத்துக்குக் கருநீலமாக மாறியிருந்தது. தேக்கில் உள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் வரும் கறை அது. அன்றிலிருந்து உத்திரத்தின் நாலு முகத்தையும் இழைப்புளியால் லேசாக இழைத்து, கறை தேடிய பிறகுதான் டிடெக்டரை எடுக்கிறேன். சுண்ணாம்புக் காரையும் மணலும் ஒட்டியிருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும், மணல் ஆணியைப் போலவே கூரைத் தின்றுவிடும். தோப்புப் புளியிலும் இதே எச்சரிக்கை தேவை: பேய் ஓட்டுவதற்காக அடித்த ஆணியும், வேலிக்கம்பியும், விளம்பரத் தட்டியின் ஆணியும் பட்டைக்குள் மறைந்திருக்கும். ஆணியுள்ள மரத்துக்குக் கன அடிக் கூலி பேசாதீர்கள். மணிக் கணக்கில் கூலி, போகும் பிளேடின் விலை தனி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கொத்துவேலை உள்ள தூணையோ, தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் போதிகையையோ பலகையாக்கச் சொல்லிக் கொண்டு வந்தால், தயவுசெய்து மறுத்துவிடுங்கள். காரைக்குடியில் பழம்பொருள் வாங்குபவர்கள் முழுத் தூணுக்குப் பெரும்பாலும் பலகை மதிப்பைவிடக் கூடவே கொடுப்பார்கள். அந்த உளியின் வேலையை மறுபடி செய்ய யாராலும் ஆகாது.

உங்கள் மரங்களில் எனக்கு அதிக நம்பிக்கை வாகையின் மேல். அதன் வைரம் கரும்பழுப்பாக, கோடு கோடாக, வால்நட் மரத்துக்கு ஈடாக இருக்கும். மரச்செக்குக்கும் கேட்டு வருவார்கள். அதன் தூள் மட்டும் கடுமையாகத் தும்மல் வரவழைக்கும், முகக்கவசம் இல்லாமல் அறுக்கக் கூடாது. புளி ரேகை முறுக்கியது, பலகைக்குச் சிரமம். செக்குக்கும் இறைச்சிக் கடைக் கட்டைக்கும் பெரிய துண்டுகளாகவே விற்றுவிடுவது நல்லது. வேம்பு நிலைக்கும் அலமாரிக்கும் ஆகும். தைலமரம் அறுபட்டவுடன் வில்லாக வளையும், ஒரு பக்கம் ஒன்று எதிர்ப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி அறுக்க வேண்டும். பனையைச் சாதாரண பிளேடில் ஏற்றவே வேண்டாம்.

அறுப்பதைவிடக் காய வைப்பதில்தான் மரம் அதிகம் கெடுகிறது. தடி விழுந்த அன்றே இரு முனைக்கும் பெயிண்ட் பூசுங்கள், இல்லாவிட்டால் கத்திரி வெயிலில் முனையிலிருந்து பிளந்துகொண்டே வரும். பலகைகளுக்கு இடையில் ஓரங்குல ரீப்பர்களை (மெல்லிய மரச்சட்டங்களை) ஒன்றரை அடிக்கு ஒன்றாக, மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் வைத்து, நிழலில் காற்றோட்டமாக அடுக்கி, மேலே பாரம் ஏற்றுங்கள். வைரத்தைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதியில் உளு, அதாவது மரத்தைத் துளைக்கும் பூச்சி விழும். பச்சையாக இருக்கும்போதே போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசினால் தடுக்கலாம். காய்ந்ததா என்று அறிய, ஒரு துண்டை வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது.

இயந்திரம் ஓடும்போது பிளேடின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது, அறுந்தால் அது அந்தத் திசையில்தான் பாயும். தோளில் துண்டு, மடித்துக் கட்டிய வேட்டி இரண்டும் வேண்டாம். பிளேடைத் தொடுவதற்கு முன் எஞ்சினை அணைக்க வேண்டும். தடியைப் புரட்டும் வேலைதான் முதுகையும் கால்விரலையும் பதம்பார்க்கும். அதற்குக் கடப்பாரையோடு இன்னொரு ஆளும் தேவை என்பதைக் கூலிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வன அலுவலகத்தின் பதில் வரச் சில மாதங்கள் ஆகலாம். அதற்குள் சாய்ந்து கிடக்கும் வாகையில் இரண்டு தடியை உரிமம் பெற்ற மில் ஒன்றில் கொடுத்து, ஓரங்குலமாக அறுத்து வாங்கி, நான் சொன்னபடி வீட்டு வளவில் நிழலாக அடுக்கி வையுங்கள். கோடை கழிந்து பிரிக்கும்போது எத்தனை பலகை நேராக இருக்கிறது, உங்கள் ஊர் ஆசாரி அதற்கு என்ன விலை சொல்கிறார் என்று எழுதுங்கள். எத்தனை குதிரைத் திறன், எத்தனை அடித் தண்டவாளம் என்பதை அந்தக் கணக்கை வைத்துச் சொல்கிறேன்.